நான்காவது தாய்மாமன்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், லாட்ஜுகளுக்கு நடுவே மாடிப்படி ஏறிப் போனால் ஒரு பிளெக்ஸ் கடை. அங்கே பத்தொன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் சின்னச்சாமி. கல்யாணமோ காதுகுத்தோ, மதுரையில் பிளெக்ஸ் வைக்காமல் எதுவும் நடப்பதில்லை. மாப்பிள்ளையைவிடப் பெரிதாக ஹீரோ படத்தை வைக்கச் சொல்லி அடம்பிடிக்கிற தோழர்களைச் சமாளித்தே அவருக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.

அவருக்குப் பிடித்த நடிகர் வேறு ஆள். பெயர் இன்பசேகரன்; சொன்னால் நூற்றில் தொண்ணூறு பேர் முழிப்பார்கள். மொத்தம் பதினோரு பேர் உட்கார்ந்திருந்த ஒரு மதியக் காட்சியில், யாரோ நண்பர்கள் சேர்ந்து எடுத்த சின்னப் படத்தில்தான் சின்னச்சாமி அவரை முதலில் பார்த்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவிக்காகக் காத்திருக்கிற கணவன் வேஷம். வசனம் கிடையாது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். அந்த முதுகைப் பார்த்தே சின்னச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மாதமே ஒரு பெரிய ஹீரோ படத்தில் அதே ஆள் அடியாளாக வந்தார். ஒரே குத்தில் தக்காளி வண்டிக்குள் விழுந்தார். எழுந்து ஓடுவதற்கு முன்னால், கழன்றுபோன செருப்பைத் தேடி எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டார். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. சின்னச்சாமிக்கு மட்டும் அந்த முதுகிலும் இந்தச் செருப்பிலும் ஒரே அக்கறை தெரிந்தது. அன்றைக்கு அவர் மனசைப் பறிகொடுத்தார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஊரில் ஒரு பிளெக்ஸ்கூடக் கிடையாதே என்ற ஆதங்கம் அவரை அரித்தது. ஆகவே ஒரு திருட்டுத்தனம் செய்தார். விசேஷ பிளெக்ஸில் கீழ்வரிசை முழுக்க உறவுக்காரர்கள் முகம் ஸ்டாம்பு அளவில் இருக்குமல்லவா, அதில் கடைசி இடத்தில் இன்பசேகரனைச் சொருகிவிடுவார். யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள்; மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். அந்த முகத்தின் வாகு அப்படி. துக்க பிளெக்ஸில் மட்டும் வைக்க மாட்டார். மனுஷன் நன்றாக இருக்கட்டும் என்று பயம்.

ஒன்பது வருஷம் ஓடியது இந்தக் கூத்து. பத்தாவது வருஷம், விளாங்குடி காசிமாயன் மகள் அஸ்வினியின் காதுகுத்தில் மாட்டிக்கொண்டார்.

குழந்தையின் தாய்மாமன்கள் மூன்று பேரையும் முதலில் கீழ்வரிசையின் கடைசியில்தான் வைத்திருந்தார். கடைசி நேரத்தில் காசிமாயன் போன் போட்டு, "தாய்மாமன்களை மேல தூக்கிப் பெருசா வைங்கண்ணே, மச்சான் கோவிச்சுக்குவாரு" என்றார். அவசரத்தில் சின்னச்சாமி வரிசையின் அந்தக் கடைசிப் பகுதியை அப்படியே பிடித்து மேலே இழுத்துப் பெரிதாக்கினார். அவர்களுக்கு அடுத்து இருந்த இன்பசேகரனும் கூடவே போய், ஆளுயரத்துக்கு நின்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை முதலாளி செல்வக்குமார் கூப்பிட்டார். "அண்ணே, விளாங்குடி பிளெக்ஸ்ல நாலாவது தாய்மாமன் யாருண்ணே? மூத்தவரு குழந்தைய மடியில வைக்க மாட்டேங்கிறாராம். நீங்களே போய் முடிச்சுட்டு வாங்க. முடியலன்னா நாளைக்குக் கடைக்கு வராதீங்க."

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். அது நின்றால் விசேஷமே நின்றது. நாற்பத்தெட்டு வயதில் தன் வேலையும் போனது என்று நினைத்துக்கொண்டே சின்னச்சாமி வண்டியை விரட்டினார்.

மண்டபத்தில் மூத்த மாமன் பேயாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குழந்தையின் அம்மா முனீஸ்வரி அழுத கண்ணோடு இருந்தாள். ஆசாரி கம்பியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"நாங்க அண்ணன் தம்பி மூணு பேருதான். எனக்குத் தெரியாம நாலாவதா ஒரு தம்பி எங்கிட்டிருந்து வந்தான்?" என்றார் பேயாண்டி.

"அவரு நடிகருங்கண்ணே. தப்பு என்னோடதுதான்."

"நடிகர்னா எனக்குத் தெரியாதா? இந்த மூஞ்சிய எந்தப் படத்துலய்யா பாத்த?"

சின்னச்சாமி வாயைத் திறப்பதற்குள் பந்தி நடந்த பக்கமிருந்து ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வெளுத்த சட்டை, ரப்பர் செருப்பு. சாட்சாத் இன்பசேகரன். திண்டுக்கல் ரோட்டில் படப்பிடிப்புக்குப் போகிற வழியில் தன் முகத்தைத் தானே பார்த்துவிட்டு, வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறார். வாசலில் பன்னீர் தெளித்தவர்கள் நாலாவது தாய்மாமன் வந்துவிட்டார் என்று பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஊரெல்லாம் முகத்தை ஒட்டி வைத்தால் என்றைக்காவது ஒருநாள் அவர் கண்ணில் படத்தானே செய்யும்.

முனீஸ்வரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அண்ணே, இவரு தக்காளி வண்டியில விழுவாருல்ல, செருப்பத் தேடுவாரே, அவரு."

கூட்டம் ஒரு நிமிஷம் அவர் காலைப் பார்த்தது. அப்புறம் சிரிப்பு கிளம்பியது. பேயாண்டிக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டார்.

இன்பசேகரன் சிரிக்கவில்லை. பேயாண்டிக்கு எதிரே வந்து கும்பிட்டார். "மடி உங்களுதுண்ணே. மூத்தவர் நீங்க இருக்கையில நான் யாரு. ஓரமா நின்னுக்கிறேன்." அந்தப் பணிவில் நடிப்பு எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று சின்னச்சாமியாலேயே பிரிக்க முடியவில்லை.

பேயாண்டி வேட்டியைச் சரிசெய்துகொண்டு மணையில் உட்கார்ந்தார். "பிள்ளையக் கொண்டா" என்றார். கம்பி ஏறியது, அஸ்வினி வீறிட்டாள். ஒரு குழந்தையின் அழுகை இம்புட்டு இனிக்கும் என்று சின்னச்சாமி அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். தூண் ஓரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இன்பசேகரன் பக்கத்தில் வந்து குனிந்தார். "பிளெக்ஸ் நீங்கதான் அடிச்சதா?"

"மன்னிச்சுக்கங்கண்ணே. ஒம்பது வருசமா வைக்கிறேன். எல்லாத்துலயும் கீழ்வரிசையில, கடைசியா."

"முப்பத்தோரு படம் பண்ணிட்டேன். ஒரு போஸ்டர்ல என் மூஞ்சி வந்ததில்ல." வாசலில் நின்ற பிளெக்ஸைக் கை காட்டினார். "எங்க வீட்டம்மாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். துக்க பிளெக்ஸ்ல மட்டும் வச்சிராதீங்க."

"அதுல வச்சதே இல்லண்ணே."

போட்டோகிராபர் தாய்மாமன்களைக் கூப்பிட்டார். மூன்று பேரும் குழந்தையோடு வரிசையாக நின்றார்கள். பேயாண்டி திரும்பிப் பார்த்தார். "என்னய்யா அங்க நிக்கிற? வா, நாலாவது நீதான."

இன்பசேகரன் போய்க் கடைசியில் நின்றார்.