மொட்டைத் தலையும் ஆறு மாத அனுமதியும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை என்பதால் பேனாவையும் அழுத்திப் பிடித்துவிடுகிறேன். எழுத்து தாளின் பின்பக்கம் வரை பதிகிறது. ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திப் படிக்கவும்.

எங்கள் பட்டறையிலிருந்து இப்போது ஒருவர் வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போக இருக்கிறார். அங்கே தங்குவதற்கு அனுமதி எப்படி வாங்கினீர்கள் என்று என்னிடம் கேட்டார். "எல்லாம் தருவாங்க, போங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் சங்கதியைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனால் நான் சொன்னது முழு உண்மை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

1977-ஆம் வருடம் எனக்கு முப்பத்திரண்டு வயது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு முதலாளியிடம் ரிக் வண்டியில் ஆழ்குழாய்க் கிணறு போடும் டிரில்லராக இருந்தேன். என் ஊர் நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகும் பாதையில் உள்ளது. ஊர்தான் அங்கே, நான் அங்கே இல்லை. தை பிறந்து வண்டி கிளம்பினால் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போய்க்கொண்டே இருக்கும். மழை பிடித்து வேலை நின்றால்தான் வீடு. வருடத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். எனக்கு இரண்டு பெண்கள். சின்னவள் பிறந்து நாற்பது நாள் கழித்துத்தான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

முதலாளி அந்த வருடம் இரண்டு ஜெர்மன் கம்ப்ரசர்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். பழைய கம்ப்ரசர் பழுதானால் நான் பிரித்து மாட்டிவிடுவேன். புதிதை யாரும் தொட்டுப் பார்த்தது கூட இல்லை. ஒரு ஆளை அனுப்பினால் ஆறு மாதம் தங்கவைத்துச் சொல்லித்தருகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, நீ போய் அந்த மிஷினைக் கத்துக்கிட்டு வந்தீன்னா அப்புறம் வண்டி ஏற வேண்டாம். ஊர்ல பட்டறை போடறேன். அது உன்ற பொறுப்பு. பொழுதோட ஊட்டுக்குப் போயிக்கலாம்."

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்களே."

"மிஷினுக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

அவரே மேலும் சொன்னார். "ஆறு மாசம் முழுசாக் கத்துக்கிட்டு வரோணும். பாதியில திரும்பி வந்தீன்னா பட்டறைக்கு வேற ஆளப் பாத்துக்குவேன். கரூர்க்காரன் ஒருத்தன் தினமும் வந்து கேட்டுட்டுப் போறான்."

அன்றைக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸில் பட்டறையைப் பற்றி மட்டும்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஜெர்மனி எந்தத் திசையில் இருக்கிறது என்று கூட யோசிக்கவில்லை.

பேப்பர் வேலை தொடங்கியது. நாமக்கல் தாலுகா ஆபீஸ் எதிரில் டைப் அடிக்கிறவர் ஒருவர் பாஸ்போர்ட் பாரத்தைப் பூர்த்தி செய்தார். பள்ளிக்கூடத்தில் சான்று வாங்கினேன். போட்டோ ஸ்டுடியோவில் முடியை எண்ணெய் தடவிச் சீவிவிட்டு, ஸ்டுடியோக்காரரின் கோட்டை மாட்டிவிட்டு எடுத்தார்கள். எனக்கு அப்போது முடி அடர்த்தி. மீசையும் அப்படித்தான், மேல் உதடு தெரியாது. சேலத்தில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் வேண்டிக்கொண்டேன். வெளிநாட்டுப் பேப்பர் கைக்கு வந்தால் பழனிக்கு வந்து முடி இறக்குகிறேன் என்று. வேண்டியது நான்தான் என்றாலும் ஞாபகம் வைத்துக்கொண்டது என் மனைவி.

தை கடைசியில் மெட்ராஸிலிருந்து பாஸ்போர்ட் விசா முத்திரையோடு வந்தது. முதலாளியின் மேனேஜர் பெரிய எழுத்தைப் படித்துவிட்டு, "வந்துருச்சு, வேலை முடிஞ்சுது" என்றார். கீழே சின்ன எழுத்தில் இருந்ததை அவர் படிக்கவில்லை. அந்த முத்திரை உள்ளே நுழைவதற்கு மட்டும்தான், அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்த ஊர் அதிகாரியைப் பார்த்துத் தங்குவதற்கான அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்திருக்கிறது. எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது.

கிளம்புவதற்கு எட்டு நாள் இருந்தது. மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, பழனிக்கு எப்பப் போறது?"

"திரும்பி வந்து போய்க்கலாம்."

"நல்லா இருக்குதுங்க! சாமிக்குப் பாக்கி வெச்சுட்டுக் கடல் தாண்டறதா? அங்க உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்கீங்க வந்து பாக்கறது?"

எங்கள் பக்கத்தில் அது எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பேச்சு. தூரப் பயணம் போகிறவன் வேண்டுதலைத் தீர்த்துவிட்டுத்தான் போவான். ரிக் கிளம்பும்போது கூடப் போன வருடத்து வேண்டுதல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். போனோம். சரவணப் பொய்கையில் முடி எடுக்கிறவர், தலை மட்டும் போதுமா, மீசையும் எடுக்கட்டுமா என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் என் மனைவி, "முழுசாவே எடுத்துருங்க. அரைகுறை வேண்டாம்" என்றாள்.

சந்தனம் பூசிய தலையோடு முதலாளியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏப்பா, போட்டோவுல இருந்தவன் எங்க? அவனை ஊட்டுல உட்டுட்டு நீ போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பம்பாய் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி, போட்டோவைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். "திருப்பதி?" என்றார். "பழனிங்க" என்றேன். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். ஜெர்மனியில் இறங்கிய இடத்தில் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார்கள். கம்பெனிக் கடிதத்தைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கம்பெனி ஃபோர்மேன் என்னைக் காரில் அந்த ஊர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். மொழிபெயர்க்க ஒரு மலையாள நர்சை வரச் சொல்லியிருந்தார்கள். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. கோயம்புத்தூரில் நர்ஸ் படிப்புப் படித்தவராம், தமிழ் நன்றாகப் பேசினார். நான் அவரை சிஸ்டர் என்றேன். அவர் என்னை அண்ணா என்றார்.

மேசைக்குப் பின்னால் ஐம்பது வயதில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாஸ்போர்ட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"அண்ணா, இது நீங்க இல்லேன்னு சொல்றாங்க."

"நான்தாங்க சிஸ்டர்."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே."

அந்த அம்மாள் மேலும் கேட்டார். சிஸ்டர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "ஜெயில்லேருந்து வந்தவரா, இல்லே தலையில ஏதாவது வியாதியான்னு கேக்கறாங்க."

எனக்குக் காது சூடேறிவிட்டது. கோயிலுக்கு வேண்டுதல் என்றேன். சிஸ்டர் அதை விளக்கமாகச் சொன்னார். கையால் கத்தி பிடிப்பது போலக் கூடக் காட்டினார். அந்த அம்மாள் கவனமாகக் கேட்டுக்கொண்டு இன்னொரு கேள்வி போட்டார்.

"எது கிடைச்சதுக்காக முடி குடுத்தார்னு கேக்கறாங்க."

"இந்தப் பேப்பர் கிடைச்சதுக்குத்தானுங்க."

சிஸ்டர் சொன்னார். அந்த அம்மாள் ஒரு வார்த்தை பதில் சொன்னார். சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பேப்பரை நான் இன்னும் குடுக்கவே இல்லையேங்கறாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விசாதான் எல்லாம் என்று நான் நினைத்திருந்தேன். வேண்டிக்கொண்ட காரியம் இந்த அம்மாள் மேசையில்தான் இருந்தது. நடக்காத காரியத்துக்கு முன்கூட்டியே மொட்டை போட்டுக்கொண்டு, அந்த மொட்டையாலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மெட்ராஸுக்கு எழுதி இந்த ஆள் யார் என்று கேட்பேன், பதில் வரும்வரை கம்பெனிக்குள் போகக்கூடாது, பதில் வரத் தாமதமானால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். ஃபோர்மேன் குரலை உயர்த்தினார். அந்த அம்மாள் உயர்த்தவில்லை. கரூர்க்காரன் முகம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் அவன் பட்டறைக்குள் ஸ்பேனரோடு நிற்பது போலத் தெரிந்தது.

சிஸ்டர் மட்டும் பாஸ்போர்ட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"அண்ணா, அங்க அடையாளம்னு ஒண்ணு போட்டிருக்கு. வயித்துல வலது பக்கம் மச்சம். இருக்கா?"

இருந்தது. தாலுகா ஆபீஸ் டைப்காரர் மச்சம் எங்கே என்று கேட்டபோது, முகத்திலும் கையிலும் ஒன்றும் இல்லாததால் வயிற்றில் இருப்பதைச் சொல்லியிருந்தேன். அவரும் அடித்துவிட்டார்.

"இருக்குதுங்க."

"அப்ப காட்டுங்க."

நான் கதவைப் பார்த்தேன். ஊரில் வெற்று உடம்போடு வயலில் நின்றவன்தான் நான். ஆனால் ஒரு ஆபீஸில், இரண்டு பெண்களுக்கு நடுவே, போட்டுக்கொண்டு வந்த உடுப்பைத் தூக்கிக் காட்டுவது வேறு. "வேற வழி இல்லீங்களா?" என்றேன்.

"அண்ணா, நான் நர்ஸ். ஒரு நாளைக்கு இருபது வயிறு பாக்கறேன். உங்க வயித்துல என்ன அதிசயம்? எந்திரிங்க."

எழுந்தேன். குளிருக்குப் பயந்து போட்டுக்கொண்டு வந்ததெல்லாம் அன்றைக்கு எதிரியாகிவிட்டது. முதலாளி கொடுத்த கோட்டு, அதற்குள் ஸ்வெட்டர், அதற்குள் சட்டை, அதற்குள் இரண்டு பனியன். ஒவ்வொன்றாகக் கழற்றி நாற்காலியில் வைத்தேன். ஃபோர்மேன் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவருக்கும் வெட்கமாக இருந்திருக்கும். கடைசிப் பனியனைத் தூக்கியதும் அரைஞாண் கயிறும் அதில் கோத்த தாயத்தும் தெரிந்தன. அதற்கு மேலே மச்சம்.

அந்த அம்மாள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். சிஸ்டரிடம் ஏதோ சொன்னார்.

"மையால வெச்சதான்னு பாக்கணுமாம்."

சிஸ்டர் கைக்குட்டையை நனைத்து வந்து அழுத்தித் துடைத்தார். ஐஸ் தண்ணீர். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மச்சம் போகவில்லை. பிறகு என்னைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் அளந்தார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருந்தது. தாயத்தைக் காட்டி, இதுவும் இந்தப் பேப்பருக்காகவா என்று அந்த அம்மாள் கேட்டாராம். இல்லை, அது சின்ன வயதில் பயந்ததற்குக் கட்டியது என்றேன். அப்போதுதான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

அனுமதி கொடுத்தார். ஆனால் மூன்று மாதத்துக்குத்தான். இப்போது இருக்கிறபடியே புதுப் போட்டோ எடுத்து வரச் சொல்லி, அதைத் தன் ஃபைலில் ஒட்டிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து பாஸ்போர்ட் போட்டோவில் இருப்பது போல முடியோடும் மீசையோடும் வந்து நிற்க வேண்டும், பார்த்துவிட்டு மீதி மூன்று மாதம் தருகிறேன் என்றார்.

மறுநாளே வேலைக்குப் போனேன். கம்ப்ரசர் எனக்குப் பெரிய சிரமமாக இல்லை. கழற்றுவதைப் பார்த்தால் மாட்டுவது தெரிந்துவிடும். சிரமமாக இருந்தது முடி. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று மேல் உதட்டைத் தடவிப் பார்ப்பேன். கூட வேலை செய்தவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தினமும் ஒருவர் அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்து மீசையை அளப்பார்.

நடந்ததை வீட்டுக்கு எழுதியிருந்தேன். என் மனைவி மூத்தவளிடம் சொல்லி எழுதவைத்த பதில் இருபது நாளில் வந்தது. "முடி சீக்கிரம் வளரட்டுமுன்னு பழனியாண்டவனுக்கு வேண்டிக்கறேனுங்க. வளந்துருச்சுன்னா நீங்க வந்ததும் இன்னொரு தடவை முடி எறக்கிப்போடலாமுங்க" என்று இருந்தது.

படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுதினேன். என் தலைமேல் இனி எதையும் வேண்டிக்கொள்ளாதே, வேண்டினால் பொங்கல் வைப்பதாகவோ பால்குடம் எடுப்பதாகவோ வேண்டிக்கொள் என்று. அதுவரைக்கும் அவளுக்கு நான் அவ்வளவு அவசரமாகக் கடிதம் எழுதியதில்லை.

மூன்று மாதம் முடிவதற்கு நாலு நாள் முன்பு சிஸ்டரோடு மறுபடியும் அந்த மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். தலையில் முடி காது தொடும் அளவுக்கு வந்திருந்தது. மீசை வந்துவிட்டது, ஆனால் இடது பக்கம் நாலு முடி வெள்ளையாக முளைத்திருந்தது. அதை மை போட்டு மறைக்கலாமா என்று சிஸ்டரிடம் கேட்டிருந்தேன். "சும்மா இருங்கண்ணா, மறுபடியும் துடைக்கச் சொல்லுவாங்க" என்றார்.

அந்த அம்மாள் பாஸ்போர்ட் போட்டோவையும் ஃபைலில் ஒட்டியிருந்த மொட்டைப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னை வெகுநேரம் பார்த்தார். நான் என்னை அறியாமல் கோட்டுப் பொத்தானில் கை வைத்தேன். அவர் வேண்டாம் என்று வேகமாகக் கையை ஆட்டிவிட்டு முத்திரையை எடுத்தார். அதற்குள் இருந்த தேதியைத் திருப்பினார். ஓங்கிக் குத்தினார். ஆறு மாதம் முழுசாகிவிட்டது.

போகிறவருக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். மெட்ராஸில் குத்துவது நுழைய மட்டும். தங்குவதற்கான அனுமதியை அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். அதுவரை முடியிலோ மீசையிலோ கை வைக்க வேண்டாம். அங்க அடையாளம் கேட்டால் கையிலோ முகத்திலோ இருப்பதைச் சொல்லவும். வேண்டுதல் இருந்தால் திரும்பி வந்து தீர்த்துக்கொள்ளலாம். சாமி கோபித்துக்கொள்ளாது என்று நான் நினைக்கிறேன். என் மனைவி இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் 1978 ஆவணியில் ஊர் திரும்பினேன். முதலாளி சொன்னபடி பட்டறை போட்டார். பத்து வருடமாக அங்கேதான் இருக்கிறேன். ரிக் வண்டிகள் தையில் கிளம்பிப் போகும்போது ஆயில் பார்த்து, காற்றழுத்தம் பார்த்து அனுப்பிவைத்துவிட்டு, ஆறு மணி பஸ்ஸுக்கு நடந்துவிடுவேன்.

1988-ஆம் வருடம், ஐப்பசி மாதம் 14-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை.