ஹெட்போனில் கேட்ட மூச்சு

ஜோர்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. போருக்கு முன் இங்கே வாழ்ந்த ஓர் எழுத்தாளரின் கதையைப் படமாக்கிக்கொண்டிருந்தோம். நான் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். எழுத்தாளரின் காசநோய்த் தங்கையாக நடித்தவள் என் மகள் யாழினி. அவளுக்கு ஆஸ்துமா உண்டு. இன்ஹேலர் என் சட்டைப்பையில் இருந்தது.

காலையிலேயே எச்சரித்தாள்: "அப்பா, நடுவுல வந்து மானத்த வாங்கிறாதீங்க லா."

இத்தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கதை என்றால் சவுண்ட் ஆளுக்குத் தெருதான் எதிரி. கீழே ஒரு மோட்டார் சைக்கிள் போனால் டேக் போச்சு. ஜன்னல்களை அடைக்கச் சொன்னேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னதும் நான்தான். விளக்கொளி அழகாகத் தெரிய கேமராக்காரர் புகை போட்டார்.

டேக் தொடங்கியது. பக்கத்து அறையில் மானிட்டர் முன் டைரக்டரும் நானும். அண்ணன் எழுதியதை வாசித்தபடி யாழினி இருமினாள், ஒத்திகையில் இருமியது போலவே. அடுத்த இருமலுக்குப் பின், மூச்சு விடும்போது ஹெட்போனில் மெல்லிய விசில். அதைக் கேட்டு எத்தனையோ முறை மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறேன்.

"தம்பி, இது நடிப்பு இல்ல."

"உஷ்! கேமரா ஓடுது, ரோலிங் லா அண்ணே. உங்க மக கலக்குறா. அப்பாவா இருக்காதீங்க, சவுண்ட பாருங்க."

கட் சொல்வது டைரக்டர் மட்டும்தான். இத்தனை வருடத்தில் நான் அதை மீறியதில்லை. ஒருவேளை நடிப்புதானோ? காலையில் அவள் சொன்னதும் நினைவில் இருந்தது. பொறுத்தேன்.

பிறகு விசிலும் நின்றது. அவள் உதடு அசைந்தது, மைக்கில் ஒன்றும் வரவில்லை.

"கட்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

யாரோ ஜன்னல்களைத் திறந்தார்கள். தெருவின் சத்தமெல்லாம் உள்ளே கொட்டியது. இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினேன். டைரக்டர் முகம் வெளிறி நின்றார். "நல்லா நடிக்கிறான்னுதாண்ணே நெனச்சேன்."

மருத்துவமனையில் முகமூடியை விலக்கி யாழினி கேட்ட முதல் கேள்வி, "டேக் ஓகேவாப்பா?"

"இல்லம்மா. என் கத்தல் விழுந்துருச்சு."

"அடுத்த தடவ கொஞ்சம் முன்னாடியே கத்துங்க."

இப்போது எந்தப் படப்பிடிப்பிலும் முதல் டேக்குக்கு முன் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்: ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் கட் சொல்லலாம். டேக் மறுபடி எடுக்கலாம்.

வீட்டில் அவள் கதவைச் சாத்தினால், வெளியே நின்று காது கொடுக்கிறேன்.

"அப்பா," உள்ளிருந்து குரல் வரும், "ரோலிங்கா?"