முன் வரிசையில் நின்றவள்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஸ்டோர் ஒன்றில் சகாயராணிக்குப் பதினெட்டு வருஷ வேலை. கண்ணும் கையும் முதலாளிக்கு, காது மட்டும் தனக்கு என்பாள். காலை ஒன்பது மணிக்கு அந்தக் காதில் இயர்போனைச் செருகினால் சாயங்காலம் வரை கழற்றுவதில்லை. பாட்டு கேட்பாள். பாட்டைப் பற்றிப் பேசுகிற பாட்காஸ்ட்டுகளை அதைவிட அதிகமாகக் கேட்பாள். எதுவானாலும் 'ஏழாம் வளைவு' பற்றியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏழாம் வளைவு என்பது ராக் பேண்டு. போடிமெட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவைப் பெயராக வைத்துக்கொண்டு தேனிப் பக்கத்து நாலு பையன்கள் ஆரம்பித்தது. மூன்று ஆல்பம் போட்டு, சென்னைக்காரர்களையும் ஆட வைத்துவிட்டுக் கலைந்துபோனார்கள். அவர்கள் கலைந்து எட்டு வருஷமாகிறது, ரசிகர்கள் கலையவில்லை. தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜெபஷீலா நடத்துகிற வாட்ஸப் குழுவில் அறுபது பேர் இன்னமும் அந்த மூன்று ஆல்பத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள்.

பாதிச் சண்டை பாட்காஸ்ட்டுகளைப் பற்றித்தான். ஒருவன் முதல் ஆல்பத்தை மூன்று மணி நேரம் புகழ்ந்துவிட்டு மற்ற இரண்டையும் மூன்றே நிமிஷத்தில் மூட்டை கட்டினான். இன்னொருத்தி பாடகரின் தலைமுடியை விட்டு நகரவே இல்லை. வேறொருத்தன் போடியையே கேரளாவில் கொண்டுபோய் வைத்தான். கேட்டால் வயிறு எரியுமா எரியாதா? ஒரு வாரம் கூகுளைத் தட்டிவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

போன மாதம் 'இசைக் கிடங்கு' வந்தது. அஜய்குமார் என்ற சென்னைப் பையன் நடத்துவது, மொத்தம் ஆறு பகுதி. முதல் மூன்றையும் குழுவே தலையில் வைத்துக் கொண்டாடியது. நான்காவதில்தான் வினை. டிரம்மர் பீட்டர்ராஜ் ஏன் விலகினார் என்று கேட்டு, அஜய்குமார் சிரித்துக்கொண்டே பதிலும் சொன்னான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரைக் கச்சேரியில் அவர் குடித்துவிட்டுத் தள்ளாடினாராம். முன் வரிசையில் நின்றவர்களுக்கே வாடை அடித்ததாம். அதோடு பேண்டு அவரைக் கழற்றிவிட்டதாம்.

சகாயராணியின் கை ஏலக்காயின் மேல் அப்படியே நின்றது. பீட்டர்ராஜ் ஒரு சொட்டு வாயில் வைக்காத மனிதர். இடது காது போய், தலைசுற்றல் வந்து, தாளம் பிடிபடாமல் மேடையை விட்டு இறங்கியவர். இரண்டு வருஷம் கழித்துப் பாடகரே ஒரு பேட்டியில் அதைச் சொன்னார். இப்போது வடுகபட்டியில் பழுதான தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டிப் பிழைக்கிறார். ரசிகன் என்று சொல்லிக்கொள்ளும் எவனுக்கும் இது தெரியும். தெரியாதவனுக்கு மைக் எதற்கு?

குழு இரண்டு கட்சியானது. சுவாரஸ்யத்துக்கு நாலு மசாலா இருக்கத்தான் செய்யும், நம்ம பேண்டுக்கு ஆறு பகுதி செய்தானே, அதற்கு நன்றி சொல்லுங்கள் என்றது ஒரு கூட்டம். அடுத்தவன் மானம் உங்களுக்கு மசாலாவா என்று சகாயராணி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். இரண்டு பேர் குழுவை விட்டே ஓடிப்போனார்கள்.

அந்த வாரமே ஜெபஷீலா ஒரு சேதி சொன்னாள். பீட்டர்ராஜின் மகள் அனிதா மேரிக்கு ராயப்பன்பட்டியில் மாப்பிள்ளை பார்த்து, முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் இருவர் பெயரையும் வாசித்து, தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்பார்களே, அந்த ஓலை. மாப்பிள்ளையின் அம்மா பிலோமினா, புருஷனைக் குடிக்குப் பறிகொடுத்தவர். பாட்காஸ்ட் அவர் காதுக்கும் போய்விட்டது. இரண்டாவது ஓலையை நிறுத்தி வைக்கும்படி பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை பெண்ணின் தகப்பன் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கல்யாணம் இல்லை.

ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண் அள்ளிப் போடவா இவனுக்கு ஆறு பகுதி? சகாயராணி அஜய்குமாரின் எண்ணைத் தேடிப் பிடித்து, மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல், ஸ்டோர் வாசலில் நின்று பிடிபிடியென்று பிடித்தாள். அவன் அக்கா அக்கா என்று மரியாதையாகத்தான் பேசினான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆதாரம் இல்லாமல் தான் எதையும் சொல்வதில்லை என்றான்.

"முன் வரிசையில நின்னவன் எவன்? பேரச் சொல்லுங்க. அவன் வீட்டு வாசல்ல போயி நின்னு நாலு வார்த்த கேக்குறேன்."

ஒரு நிமிஷத்தில் படம் அனுப்பினான். அந்தக் கச்சேரி வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்த கமென்ட். 'குடிகாரப் பயலுக்கு எதுக்கு டிரம்ஸ்? முன் வரிசையில நின்ன எனக்கே வாடை அடிச்சுது.' எழுதியவர் பெயர், போடி ராணி.

அது சகாயராணியே முன்பு கமென்ட் போட வைத்திருந்த பழைய கணக்கின் பெயர். இரண்டு பஸ் மாறி மதுரைக்குப் போய், மூன்றே பாட்டோடு கச்சேரி நின்றுபோன ஆத்திரத்தில் மறுநாள் தட்டிவிட்டது. வாடையாவது மண்ணாவது! அவள் நின்றது கடைசி வரிசைக்குப் பக்கத்தில். படிக்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்று முன் வரிசையையும் வாடையையும் அவளே சேர்த்துக்கொண்டாள். காது விஷயம் தெரிந்த பிறகு பீட்டர்ராஜுக்காக ஊரோடு மல்லுக்கு நின்றாள். இதை எழுதியது நினைவிலேயே இல்லை. மசாலா என்று யாரையெல்லாம் திட்டினோம் என்று நினைத்தபோது தன் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும், அழித்துவிடு, யாருக்கும் தெரியாது என்றாள் ஜெபஷீலா. சகாயராணி அழிக்கவில்லை. எழுதியது நான்தான், முழுப் பொய் என்று அஜய்குமாருக்குத் தன் குரலிலேயே பதிவு செய்து அனுப்பினாள். அடுத்த பகுதியில் போடுகிறேன் என்றான். அடுத்த பகுதி வருவதற்குள் சனிக்கிழமை வந்துவிடுமே. அன்றைக்கு ஸ்டோருக்கு லீவு சொல்லிவிட்டு ராயப்பன்பட்டிக்குப் பஸ் ஏறினாள்.

பிலோமினாவின் வீட்டு முன்னறையில் பீட்டர்ராஜ் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அனிதா மேரி முகம் வீங்கிப்போய் நின்றாள். சகாயராணி தன் பெயரையும் ஊரையும் சொன்னாள். செல்லை எடுத்து, தான் எழுதியதைக் குடிகாரப் பயல் என்ற வார்த்தை உட்பட அந்த மனிதர் முன்னாலேயே சத்தமாக வாசித்தாள்.

"வாடை அடிச்சுதா இல்லையா?" என்று கேட்டார் பிலோமினா.

"இல்லம்மா. நான் பக்கத்துலயே போகல. கோவத்துல எழுதுனேன்."

பிலோமினா அவளை ஏற இறங்கப் பார்த்தார். குடிகாரனோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவள் நான், அந்தப் பெயரை விளையாட்டுக்கு ஒருத்தர் மேல் போடலாமா என்று கேட்டார். பிறகு பீட்டர்ராஜைப் பார்த்து, நாளைக்கு இரண்டாவது ஓலை வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார். அனிதா மேரி சுவரில் சாய்ந்து அழுதாள்.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது சகாயராணி பீட்டர்ராஜின் வலது காதுப் பக்கமாகப் போய் நின்று, மன்னித்துவிடுங்கள் அண்ணே என்றாள். அவர் கோபப்படவில்லை.

"எங்கிட்ட கேட்டு என்ன செய்ய, தங்கச்சி? நீங்க எழுதுனத எங்க வீட்டுக்காரி அப்பவே வாசிச்சுட்டா. காது போனது அவளுக்குத் தெரியும். ஆனாலும் முன் வரிசையில நின்னவுகளே சொல்றாகளேன்னா அவ. அன்னையில இருந்து நான் வெளிய போயிட்டு வந்தா, கிட்ட வந்து நின்னு மோந்து பாக்குறா. பன்னெண்டு வருஷமாச்சு. இப்பெல்லாம் அவ வர்றதுக்கு முந்தியே நானே வாயத் தொறந்து ஊதிக் காட்டிர்றேன். இன்னைக்கு அவ ஏன் இங்கன வரலன்னு நெனச்சீக?"

போடிக்குப் போகிற பஸ் வந்து நின்றது. சகாயராணி ஏறவில்லை. அது போன பிறகு தேனி பஸ் வந்தது. அப்பனும் மகளும் ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் அவளும் ஏறினாள். வடுகபட்டியில் இன்னொருத்தர் முன்னாலும் அந்தக் கமென்ட்டை வாசிக்க வேண்டியிருந்தது.