வலது கையில் வெள்ளை நூல்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சாதாரண தரப் பரீட்சையில் கட்டுரைக் கேள்வியைத் தொடாமலே எழுந்து வந்தவன் நான். ஒரு ஷேர்ட்டைப் பற்றி எழுதி எதைக் கிழிக்கப்போகிறேன்? ஆனால் அந்த ஷேர்ட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. போடவும் பயம், அலுமாரிக்குள் வைக்கவும் மனமில்லை.

கண்டி டவுனில் போன் திருத்துகிற கடையில் எனக்கு வேலை. பக்கத்து உடுப்புக் கடை என் கூட்டாளியுடையது. நெஞ்சில் கழுகு, முதுகில் மண்டையோடு என்று அவன் கடையில் தொங்குவதையெல்லாம் முதலில் வாங்குகிறவன் நானாகத்தான் இருந்தேன். ஒருநாள் உடைந்த போன் கண்ணாடியோடு ஒரு பெண் வந்தாள். நான் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருக்க, அவள் என் நெஞ்சிலிருந்த கழுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மூஞ்சிக்குக் கீழ இன்னொரு மூஞ்சி எதுக்கு? பாக்குறவங்க யாரப் பாக்குறது?"

"அழகா இருக்குறதப் பாக்கட்டும்," என்றேன். சிரித்தாள். பிலிமத்தலாவையில் தான் ஷேர்ட் தைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பஸ் ஏறினேன். ஷேர்ட்டுக்காக என்று கூட்டாளியிடம் சொன்னதை அவனே நம்பவில்லை.

அங்கே ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்து அவள் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பல்லேகல கார்மென்டில் வருஷக்கணக்காகக் கொலர் மட்டும் தைத்தவள். தான் தைத்த கொலர் எவன் கழுத்தில் ஏறுகிறது என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லையாம். அந்த ஆத்திரத்தில்தான் வேலையை விட்டுவிட்டு, கைத்தறித் துணி வாங்கி, தானே யோசித்துத் தானே வெட்டத் தொடங்கியிருக்கிறாள்.

அதனால் அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஷேர்ட்டை முடித்துக் கொடுக்கமாட்டாள். இரண்டு கைகளையும் வெள்ளை நூலால் தூரத் தூர ஓட்டுத் தையல் மட்டும் போட்டுத் தருவாள். அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் வேலைக்குப் போக வேண்டும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும், சோறு சாப்பிட வேண்டும். திரும்பி வந்தால் எங்கே சுருங்கியிருக்கிறது, எங்கே இழுக்கிறது என்று பார்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் மெஷினில் ஓட்டுவாள்.

எனக்குச் செய்த முதல் ஷேர்ட் செங்கல் நிறம். படமில்லை, எழுத்தில்லை. யாருடைய சாவு வீட்டுக்குப் போகிறாய் என்று கூட்டாளி கேட்டான். அன்று பின்னேரம் ஒரு கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். எனக்குத் தோள் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கழுகு இத்தனை நாளும் அதை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு என் வேலையைக் காட்டினேன். அவளிடம் திரும்பிப் போகிற வழியில் பஸ்ஸிலேயே ஓட்டுத் தையல் நூலைப் பிடித்து இழுத்துவிடுவேன். சனநெருக்கத்தில் பிய்ந்துவிட்டது என்று அவள் முன்னால் போய் நிற்பேன். ஆடாமல் நிற்கச் சொல்லி, என் மேலேயே வைத்துத் தைப்பாள். கீழே பேக்கரியிலிருந்து பாண் வாசனை வரும். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரிப்பாள். சில நாளில் நூலை இரட்டையாகப் போட்டாள். அதையும் இழுத்தேன்.

"பஸ்ஸுல உங்க கைய மட்டுந்தான் எல்லாரும் இழுக்குறாங்களா?"

"என்னா செய்றது, டிமாண்ட் அப்பிடி."

வருகிறவர்களையெல்லாம் அவள் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டாள். எப்போது நிறுத்தினாள் என்று தெரியவில்லை. ஒருநாள் கவனித்தேன், எனக்கு வெறும் 'வாங்க' மட்டும்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை. போன் திருத்தக் காத்திருக்கிறவனையெல்லாம் அவளிடம் அனுப்பினேன். இந்த ஷேர்ட்டோடு திரிந்தால் உன் முகத்தைக்கூட மன்னிக்கமாட்டார்கள் என்று பயமுறுத்தித்தான் அனுப்பினேன். அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டு வாவிக்கரைச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துப் போட்டேன். அந்தப் படத்தைக் கொழும்பில் ஒரு அம்மா பார்த்துவிட்டார். தனியாக உடுப்பு செய்கிறவர்களின் வேலையை மட்டும் வைத்து விற்கிற கடை அவருடையது. காரில் வந்து இறங்கினார். தைக்க இடம், மெஷின், கடையில் அவள் பெயரிலேயே ஒரு பக்கம் என்று எல்லாம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அதை முதலில் என்னிடம்தான் சொன்னாள். நன்றியும் சொன்னாள். கொழும்பு வெயிலில் துணியெல்லாம் வேர்த்து நாறும் என்றேன். சிரித்தாள்.

"போகாதீங்க," என்றேன்.

அதற்கும் சிரித்தாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. என்னிடம் வேறு குரல் இருக்கவுமில்லை.

அவள் போகிற அன்று மெஷின் ஏற்கனவே படியிறங்கிப் போயிருந்தது. எனக்கென்று கடும்பச்சையில் ஒரு ஷேர்ட்டை மடித்துக் கொடுத்தாள். இந்தமுறை முடித்துவிட்டேன், இனி வரத் தேவையில்லை என்றாள். பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். இடது கை மெஷின் தையல். வலது கையில் வெள்ளை நூல், ஒற்றை நூல், ஓட்டுத் தையல்.

மூட்டை கட்டுகிற அவசரத்தில் மறந்திருப்பாள். மறக்கிற ஆளில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இவ்வளவு நாளும் கிடக்கிறேன். நூலை இழுத்தால் தைக்கக் கொழும்புக்குப் போக வேண்டும். போய் நிற்கும்போது, "ஐயோ, மறந்துட்டேன் அண்ணா" என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் ஷேர்ட் ஆணியிலேயே தொங்குகிறது. மழை நாளில் பேக்கரியைத் தாண்டிப் போனால் பாண் வாசனைக்கு வலது கை தானாக ஆடாமல் நிற்கிறது.

நேற்று ஷேர்ட்டின் அந்தக் கையைப் படமெடுத்து, இதையெல்லாம் நீளமாக எழுதிக் கூட்டாளிக்கு அனுப்பினேன். என்னை வைத்து ஒரு மாதத்துக்குச் சிரிப்பான் என்று நினைத்தேன். ஒரு வரிதான் வந்தது.

"நூல இழுத்துட்டு பஸ் ஏறு மச்சான்."