நின்றுபோன நீலப் புள்ளி

ஐம்பது வயதில் ரேஸ் சைக்கிள் வாங்கினேன். இறுக்கமான சைக்கிள் உடையில் என்னைப் பார்த்த மலேசியாவின் கிள்ளான் நகர மக்கள் மன்னிக்கவும்.

நான் ஓட்டும்போது என் மனைவி தன் போன் வரைபடத்தில் என்னை நீலப் புள்ளியாகப் பார்ப்பாள். புள்ளி நின்றால் உடனே அழைப்பு வரும். "என்னங்க, மறுபடியும் ரொட்டி சானாய் கடையா?" பெரும்பாலும் அதுதான். உளவு பார்க்கிறாளே என்று எரிச்சல்படுவேன்.

போன வருடம் போர்ட் கிள்ளான் சாலையில் மணலில் சறுக்கி, ஆழமான கால்வாய்க்குள் விழுந்தேன். காலை அசைக்க முடியவில்லை. கைப்பிடியில் மாட்டியிருந்த போன் எட்டாத இடத்தில் கிடந்து அலறி ஓய்ந்தது. லோரி இரைச்சலில் என் கூச்சல் யாருக்கும் கேட்கவில்லை. மழை பிடித்து, கால்வாயில் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

அப்போது மேலே மனைவியும் மைத்துனரும் எட்டிப் பார்த்தார்கள்.

"எப்படிமா கண்டுபிடிச்ச?"

"புள்ளி நின்ன இடத்துல ஒரு கடையும் இல்லலா! சாப்பாடு இல்லாத இடத்துல நீங்க எதுக்கு நிப்பீங்க?"

கணுக்கால் முறிவு. கட்டுப் பிரித்ததும் வீட்டுக்குள்ளேயே சைக்கிளை ஸ்டாண்டில் பூட்டி மிதித்துப் பழகினேன். போன ஞாயிறு அதே சாலையில் போர்ட் கிள்ளான்வரை போய், ஒரு லோரியைக்கூட முந்தினேன்! அது சிவப்பு விளக்கில் நின்றிருந்தது என்பது வேறு விஷயம்.

இப்போதெல்லாம், புள்ளி தெரிகிறதா என்று நானே அவளிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். போனைச் சட்டையின் முதுகுப் பையில் வைத்து ஜிப் போட்டுவிடுகிறேன். விழுந்தால் அதுவும் என்னோடேயே விழட்டும்.