கப்பல் போன வழி

துறைமுகச் சலவைக்கடையில் இஸ்திரி போடும் அந்த அம்மாளுக்கு, இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. புருஷன் போன பிறகு தேனொழுகப் பேசியே வீட்டை எழுதி வாங்கிக்கொண்டான் கொழுந்தன். ஏழு பிறவிக்கும் அது போதும்.

அதனால், கிரேன் ஓட்டும் மகன் ஒரு பெண்ணைக் கூட்டி வந்து, "நீ சரின்னாத்தாம்மா கல்யாணம்" என்றபோது, அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். துறைமுக ஆபீஸில் மொழிபெயர்க்கிறவள். தாய்மொழி கம்போடியாவின் கெமர்.

வந்தவள் ஜன்னல் வழியே தெரிந்த கப்பலைக் காட்டினாள். "கப்பலுக்கு எங்க மொழியிலயும் கிட்டத்தட்ட இதே பேருதான், அத்தை. உங்ககிட்டேருந்து மலாய்க்குப் போய், அங்கேருந்து எங்களுக்கு வந்துச்சு."

தாலி ஏறும் முன்னே அத்தையாம்! மகன் சொல்லிக்கொடுத்த பாடம் என்றே அவருக்குப் பட்டது.

மறுநாள் மேஜைவிரிப்பு மூட்டையோடு கடைக்கு வந்த மலாய்க்காரச் சமையல்காரரிடம் கப்பலைக் காட்டி, "உங்க பேச்சுல அது என்ன?" என்றார்.

"கப்பல்."

"சந்தை?"

"பசார்."

"என் மகன் ஏதாச்சும் சொல்லிவெச்சானா?"

"உங்களுக்கு மகன் இருக்கானா?" என்று அவர் விழித்தார்.

சொல் நிஜம்தான். மனசு ஆறவில்லை. நிஜத்தைச் சொல்லியும் காக்கா பிடிக்கலாமே! 'ஆண்டவனே, ஒரு தூண்டில் போடப்போறேன், மன்னிச்சுக்கோ' என்று வேண்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது அம்மாள் வீட்டில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். "சந்தைக்கு உங்க பேச்சுல என்னம்மா?"

"ப்சார்."

"பஜார்! அதுவும் எங்க சொத்துதானே?" என்றார், அது தமிழில்லை என்று தெரிந்தே.

"ஆமாம்மா, எல்லாமே தமிழ்லேருந்து போனதுதான்!" மகன் முந்திக்கொண்டு அவள் காலை மிதித்தான்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். "இல்ல அத்தை. அது பாரசீகச் சொல். எங்களுக்கு மலாய் வழியா வந்ததுன்னு சொல்றாங்க. உங்களுக்கும் அது வந்த சொல்தான்."

அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"காக்கா பிடிக்கிறவன் நீதான்டா. அப்படியே உங்க சித்தப்பன்!"

பிறகு அவளிடம் திரும்பினார். இன்னும் ஒரு ஓரத்தில் சந்தேகம் இருந்தது. "இஸ்திரி போடத் தெரியுமா?"

"தெரியாது அத்தை."

அதைக் கேட்ட பிறகுதான் அம்மாள் சிரித்தார். சற்று நகர்ந்து மேஜையருகே இடம் விட்டார்.

"வா. காலர்லேருந்து ஆரம்பி."