பக்க எண்படி அடுக்கிய கதை

பள்ளிப் படிப்போடு நின்றுபோனவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். புத்தகத்தைப் பற்றி எழுத இவள் யார் என்று கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நீலப் புடவைத் துணி ஒட்டிய அந்த அட்டை என் கண்ணிலேயே நிற்கிறது. என் அக்கா வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்த புத்தகம் அது. கல்யாணமாகி இடக்கொச்சிக்குப் போனபோது எங்கள் மட்டாஞ்சேரி நூலகத்துக்குக் கொடுத்தாள். எங்கள் தெருப் பெண்கள் பலர் அப்படித் தைத்துக் கொடுத்தவைதான் அங்கிருந்த தமிழ் அலமாரி.

பிற்காலத்தில் அக்கா படுத்த படுக்கையானாள். டாக்டர் கைவிரித்த பிறகு, அந்தக் கதையை முடிவு வரை ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்றாள். நூலகத்துக்குப் போனேன். அலமாரி இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. செக்ரட்டரி எங்கள் ஆள்தான்; வீட்டில் தமிழ் பேசுவார், படிக்கத் தெரிந்தது மலையாளம் மட்டும்.

“எல்லாம் இதுக்குள்ள ஏத்தியாச்சு சேச்சி. இனி ஆருக்கும் ஃப்ரீ. கரையான் அரிக்கும்னு பேடிக்கவேண்டாம்” என்று ஒரு சி.டி.யை இரவல் கொடுத்தார்.

இன்டர்நெட் கஃபேயில் அச்செடுத்துக்கொண்டு இடக்கொச்சிக்குப் பஸ் ஏறினேன். வாசிக்கத் தொடங்கினால், முதல் தாளிலேயே கதாநாயகி செத்துப்போனாள். அடுத்த தாளில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள்.

“என்னடி, பேயையா பொண்ணு பாக்க வந்திருக்கான்?” என்று அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

பத்திரிகையில் கதை ஒரு வாரம் முன்பக்கங்களில் வரும், ஒரு வாரம் நடுவில் வரும். தையலைப் பிரித்து ஸ்கேன் செய்தவர்கள், தமிழ் படிக்கத் தெரியாமல், எல்லா வாரத்துத் தாள்களையும் பக்க எண்படி அடுக்கியிருந்தார்கள்.

மறுபடி போய்க் கேட்டேன். “நம்பர் கிரமமாத்தானே இருக்கு?” என்றார் செக்ரட்டரி. பழைய புத்தகம் எங்கே என்றேன்.

“அதெல்லாம் பழைய பேப்பர் எடுக்கிற ஆக்ரிக்காரனுக்குப் போட்டாச்சு. ஸ்கேன் பண்ணினப்புறம் அந்தக் குப்பை எதுக்கு சேச்சி?”

கார்ப்பரேஷனில் குப்பை அள்ளிய குடும்பம் எங்களுடையது. குப்பை எது என்று அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த பஸ்ஸில் அக்காவிடம் திரும்பினேன். புத்தகம் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? கொடுப்பதை ஒருமுறை படித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டாமா? தமிழ் படிக்கத் தெரிந்த பெண்கள் அந்தத் தெரு முழுக்க இருந்தோம். ஒருத்தியையும் கூப்பிடவில்லை. இதற்காக அவருக்குப் பொன்னாடை வேறு போர்த்தினார்கள்.

தாள்களைக் கட்டிலில் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் முதல் வரியை நான் வாசிக்க, அக்கா கண்ணை மூடியபடி, “முன்னாடி வை”, “அய்யோ, இது ரொம்பப் பின்னாடிடீ” என்றாள். கல்யாணப் பந்தல் வரை கதை ஒழுங்குக்கு வந்தது. சாயங்காலம் களைத்துவிட்டாள்.

“மிச்சத்த நாளைக்கு அடுக்கலாம். கடைசியில அவ புருஷன்கிட்ட என்னவோ சொல்லுவாடீ, அதான் ஞாபகம் வரமாட்டேங்குது” என்றாள்.

மறுநாள் விடிவதற்குள் அக்கா இறந்துவிட்டாள். மத்தியானம் செக்ரட்டரி போன் செய்து, சி.டி.யின் தவணை முடிந்துவிட்டது, வேறொருவர் காத்திருக்கிறார் என்றார்.